சாய்தளக் கணக்கு: உராய்வை எழுதும் முன்

சாய்தளக் கணக்கில் சைனும் காஸும் இடம்மாறிப் போவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அந்தப் பிழை நடக்கத்தான் செய்கிறது. ஆனால் கோணத்தைப் பூச்சியமாக்கிப் பார்த்தால் பத்து வினாடியில் பிடிபட்டுவிடும். கடைசி வரி வரை பிடிபடாமல் கூடவே வருவது வேறொன்று. கணக்கில் ‘உராய்வு’ என்ற சொல்லைக் கண்டதும், பொருள் நகர்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், கை தானாக ‘மியூ என்’ (உராய்வுக் குணகம் × தளம் தரும் செங்குத்து எதிர்விசை) என்று எழுதிவிடுகிறது. உராய்வு எப்போதும் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் விசை அல்ல. பல கணக்குகளில் அதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டிய விடை. இதைப் பிடித்துக்கொண்டால் சாய்தளத்தின் முக்கால்வாசிக் கணக்குகள் ஒரே கணக்காகிவிடும் என்பது என் கருத்து.

ஒரே கட்டையை வைத்துக்கொண்டு கடைசிவரை போவோம். நிறை (எம்) 4 கிலோகிராம், தளத்தின் கோணம் (தீட்டா) 30 டிகிரி, ஈர்ப்பு முடுக்கம் (ஜி) 10 மீ/வி². எடை 40 நியூட்டன். சரிவின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் கூறு, அதாவது எம்ஜி சைன் தீட்டா, 20 நியூட்டன். தளத்தை அழுத்தும் கூறு, எம்ஜி காஸ் தீட்டா, 34.64 நியூட்டன். தளத்துக்குச் செங்குத்தான திசையில் வேறு எந்த விசையும் இல்லாதவரை, தளம் தரும் செங்குத்து எதிர்விசையும் அதே 34.64 நியூட்டன்.

இப்போது ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7 என்று கொடுக்கிறார்கள். கட்டை ஓய்வில் வைக்கப்படுகிறது. முடுக்கம் என்ன என்று கேட்கிறார்கள். அவசரக் கை இப்படிப் போடும்: உராய்வு 0.7 × 34.64 = 24.25. நிகர விசை 20 − 24.25 = −4.25 நியூட்டன். முடுக்கம் −1.06 மீ/வி². எண்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் இந்த விடைக்கு என்ன பொருள்? சும்மா வைத்த கட்டை தானாகச் சரிவில் மேலே ஏறுகிறது! உராய்வு ஒருபோதும் ஓய்விலிருக்கும் பொருளைத் தானே தள்ளிக்கொண்டு போகாது. 24.25 என்பது உராய்வு போகக்கூடிய உச்சவரம்பு மட்டுமே. கட்டையை நிறுத்தி வைக்க 20 நியூட்டன் போதும் என்பதால் உராய்வு 20-லேயே நிற்கிறது. முடுக்கம் பூச்சியம்.

எனவே ஒழுங்கு இதுதான். முதலில் உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டு, கட்டை எந்தப் பக்கம் போக நினைக்கும், எத்தனை நியூட்டனால் என்று பாருங்கள். அடுத்து, அதை அசையாமல் நிறுத்த எவ்வளவு உராய்வு வேண்டும் என்று பாருங்கள். அது அதே எண்தான், திசை மட்டும் எதிர். பிறகு அந்தத் தேவையை உச்சவரம்போடு ஒப்பிடுங்கள். தேவை வரம்புக்குள் இருந்தால் கட்டை நகராது, உராய்வு தேவைக்குச் சமம், கணக்கு முடிந்தது. தேவை வரம்பை மீறினால்தான் கட்டை நழுவும். அப்போதுதான் இயக்க உராய்வுக் குணகத்தை எடுத்து மியூ என் எழுத வேண்டும். ஒப்பிடுவதற்கு ஓய்வுநிலைக் குணகம், முடுக்கத்துக்கு இயக்கக் குணகம். இரண்டையும் ஒரே கணக்கில் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் வேலை உண்டு.

குணகங்களை மாற்றுவோம்: ஓய்வுநிலை 0.4, இயக்கம் 0.3. உச்சவரம்பு 13.86 நியூட்டன், தேவை 20. நழுவும். நழுவும்போது உராய்வு 0.3 × 34.64 = 10.39. நிகர விசை 9.61, முடுக்கம் 2.40 மீ/வி². வேறு சொல்லாதவரை இனி வரும் எல்லாவற்றுக்கும் இந்த 0.4, 0.3 தான்.

இந்தக் கட்டையைச் சரிவின் வழியே மேல்நோக்கி ஒரு விசையால் தாங்கிப் பிடிக்கிறோம் என்று வையுங்கள். எவ்வளவு விசை வேண்டும்? 20 நியூட்டன் என்பது சட்டென்று வரும் பதில். உண்மையில் ஒரே பதில் கிடையாது. 6.14 நியூட்டனிலிருந்து 33.86 நியூட்டன் வரை எந்த விசையும் அதை அசையாமல் வைத்திருக்கும். 6.14-ல் உராய்வு முழு மூச்சாக மேல்நோக்கி உதவுகிறது. விசையைக் கூட்டக் கூட்ட உராய்வின் பங்கு குறைந்து, 20-ல் பூச்சியமாகி, அதற்குப் பிறகு திசை திரும்பிக் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. 33.86-ஐத் தாண்டினால் கட்டை மேலே நகரும். ‘குறைந்தபட்ச விசை’ என்று கேள்வியில் இருந்தால் உராய்வைத் தாங்குபவர் பக்கமும், ‘அதிகபட்ச விசை’ என்றால் எதிர்ப்பக்கமும் வைக்க வேண்டும். திசையை இப்படிக் காரணத்தோடு வைக்க வேண்டுமே தவிர, ‘உராய்வு எப்போதும் மேல்நோக்கி’ என்று மனப்பாடம் செய்தால் பாதிக் கணக்குகளில் கவிழ்வோம்.

கோணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கோணம் பூச்சியமானால் சரிவு வழிக் கூறு மறைய வேண்டும். பூச்சியம் டிகிரியின் சைன் பூச்சியம், ஆகவே சரிவு வழியே சைன். கோணத்தைத் தரையோடு அல்லாமல் நேர்க்குத்துக் கோட்டோடு கொடுத்திருந்தால் இடம் மாறும். படம் வரைந்தால் தெரிந்துவிடும். அந்தப் படத்தில் 45 டிகிரிச் சரிவு மட்டும் வரையாதீர்கள். அதில் சைனுக்கும் காஸுக்கும் வேறுபாடே கண்ணுக்குத் தெரியாது. 20 அல்லது 25 டிகிரி அளவில் தட்டையாக வரைந்தால், சிறிய கூறு எது, பெரிய கூறு எது என்று படமே சொல்லிவிடும். ‘20-க்கு 1’ என்று சரிவு கொடுத்தால், அதைச் சைன் என்று எடுத்தாலும் டேன் என்று எடுத்தாலும் கோணம் 2.87, 2.86 டிகிரி என்றுதான் வரும். சாலைகளில் 5 சதவீதச் சரிவு என்பது டேன் கணக்கு. கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் சைன் 30-க்கு −0.988 காட்டும், சரிவு வழிக் கூறு மேல்நோக்கி வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இதைவிட ஆழமான குழப்பம் செங்குத்து எதிர்விசையில் இருக்கிறது. எம்ஜி காஸ் தீட்டா என்பதை ஒரு விதியாகவே பலர் வைத்திருக்கிறார்கள். அது விதி அல்ல. தளத்துக்குச் செங்குத்தான திசையில் முடுக்கம் இல்லை, அந்தத் திசையில் எடையின் கூறும் எதிர்விசையும் தவிர வேறு விசை இல்லை என்ற இரண்டு நிபந்தனைகளிலிருந்து வந்த முடிவு. அதே 30 டிகிரியில் சாய்த்துக் கட்டிய வளைவுச் சாலையில், உராய்வு இல்லாமல் திரும்பும் 4 கிலோகிராம் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். செயல்படும் விசைகள் அதே இரண்டுதான்: எடை, எதிர்விசை. ஆனால் எதிர்விசை 34.64 அல்ல; 40-ஐக் காஸால் வகுத்து 46.19 நியூட்டன். ஓரிடத்தில் காஸால் பெருக்கல், இன்னோரிடத்தில் வகுத்தல். ஏன்? சாய்தளத்தில் முடுக்கம் சரிவின் வழியே போகிறது. வளைவுச் சாலையில் முடுக்கம் வட்டத்தின் மையத்தை நோக்கிக் கிடைமட்டமாக இருக்கிறது. முடுக்கம் இல்லாத திசையில்தான் விசைகளைச் சமப்படுத்த முடியும். முதல் கணக்கில் அது தளத்துக்குச் செங்குத்தான திசை, இரண்டாவதில் நேர் மேல்கீழ்த் திசை.

அச்சுகளைச் சாய்த்து வைப்பதா, நேராக வைப்பதா என்ற கேள்விக்கும் இதுவே பதில்: ஓர் அச்சை முடுக்கத்தின் வழியே வையுங்கள். தளம் சாய்ந்திருக்கிறது என்பதற்காக அச்சைச் சாய்ப்பதில்லை. பொருள் ஓய்விலேயே இருந்தால் எந்த அச்சும் சரி. சாய்ந்த அச்சில் எடை ஒன்றை மட்டும் பிரித்தால் போதும் என்பது வசதி.

விசைப்படத்தில் எடையையும் அதன் இரண்டு கூறுகளையும் ஒரே மாதிரியான அம்புக்குறிகளாக, ஒரே மையில் வரைவது இன்னொரு தொல்லை. பிறகு சமன்பாடு எழுதும்போது எடையை இரண்டு முறை சேர்த்துவிடுவோம். எடையை முழுக்கோடாகவும் கூறுகளைப் புள்ளிக்கோடாகவும் வரைந்து, கூறுகள் வந்ததும் எடையின் மேல் ஒரு சிறு வெட்டுக்கோடு போட்டுவிடுங்கள். சரிவில் கட்டையை ‘கீழே தள்ளும் விசை’ என்று தனியாக ஒன்று கிடையாது. அது எடையின் கூறுதான்.

கட்டையைச் சரிவில் மேல்நோக்கி 6 மீ/வி வேகத்தில் விடுகிறோம். திரும்பி வரும் வேகம் என்ன? மேலே போகும்போது எடையின் கூறும் உராய்வும் இரண்டுமே கீழ்நோக்கி: 20 + 10.39 = 30.39 நியூட்டன், எதிர்முடுக்கம் 7.60 மீ/வி². போகும் தூரம் 36-ஐ 15.2-ஆல் வகுத்து 2.37 மீட்டர்; நேரம் 0.79 வினாடி. உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. இங்கேதான் பலரும் நிறுத்தாமல் ஓடிவிடுகிறார்கள். அந்தக் கணத்தில் கட்டை ஓய்வில் இருக்கிறது. ஆகவே ஓய்வுநிலைக் கேள்வியைத் திரும்பக் கேட்டாக வேண்டும். தேவை 20, வரம்பு 13.86; நழுவிக் கீழே வரும். வரம்பு 24.25 ஆக இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும், ‘திரும்பி வரும் வேகம்’ என்ற கேள்விக்கே இடமில்லை.

கீழே வரும்போது உராய்வு திசைமாறி மேல்நோக்கி. முடுக்கம் 2.40. அடிக்கு வந்து சேரும் வேகம் 3.37 மீ/வி; நேரம் 1.40 வினாடி. ஏற ஆன நேரத்தைவிட இறங்க ஆன நேரம் அதிகம். முடுக்கத்தின் அளவே பாதியில் மாறிவிட்டதால், மேலே போய்த் திரும்புவது முழுவதையும் ஒரே இயக்கச் சமன்பாட்டில் அடைக்க முடியாது. உராய்வற்ற தளத்துக்கும் நேர்மேலாக எறிந்த பந்துக்கும் பழகிய கை இங்கே கணக்கை இரண்டாக வெட்ட மறந்துவிடும். ஆற்றலால் சரிபார்க்கலாம்: தொடக்க இயக்க ஆற்றல் 72 ஜூல், போக வர 4.74 மீட்டருக்கு உராய்வு எடுத்துக்கொண்டது 49.2 ஜூல், மிச்சம் 22.8. வேகத்திலிருந்து கணக்கிட்டாலும் அதே 22.8 வர வேண்டும், வருகிறது. முடுக்க வழியில் செய்த கணக்கை ஆற்றல் வழியில் சரிபார்ப்பது போல நம்பகமான சோதனை வேறில்லை. இரண்டிலும் ஒரே பிழையைச் செய்வது கடினம்.

சரிவின் வழியே அல்லாமல் கிடைமட்டமாகத் தள்ளினால் நிலைமை சுவாரசியமாகிறது. தள்ளும் விசையின் ஒரு கூறு கட்டையைத் தளத்தோடு சேர்த்து அழுத்துகிறது; எதிர்விசை கூடுகிறது; அதனால் உராய்வின் வரம்பும் கூடுகிறது. இங்கே 34.64 என்று எழுதியவுடன் கணக்கு போயிற்று. கட்டையை மேலே நகர்த்தத் தேவையான விசை எஃப் என்றால், சரிவு வழியே 0.866 எஃப்; எதிர்விசை 34.64 + 0.5 எஃப். சமன்பாட்டைத் தீர்த்தால் எஃப் 50.8 நியூட்டன். சரிவு வழியே தள்ளினால் 33.86 போதும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோணம் கூடக் கூட இந்த வித்தியாசம் வேகமாக ஏறுகிறது. கோணத்தின் டேன் மதிப்பு, குணகத்தின் தலைகீழைத் தொட்டுவிட்டால் (0.4-க்கு 2.5, அதாவது 68.2 டிகிரி) எவ்வளவு பலமாகக் கிடைமட்டமாகத் தள்ளினாலும் கட்டை மேலே போகாது. தள்ளத் தள்ள உராய்வும் அதே வேகத்தில் வளர்ந்துகொண்டே போகும். கணக்கில் எஃப்-க்கு எதிர்க்குறி வந்தால் குறியைத் தட்டிவிட்டு விடை எழுதாதீர்கள். இயற்பியல் ‘முடியாது’ என்று சொல்வது அது.

கப்பியில் கயிறு போட்டு மறுமுனையில் எடை தொங்கவிடும் கணக்கு, மேலே பார்த்த அதே ஒப்பீடுதான். 3 கிலோகிராம் தொங்கினால் கயிறு வழியாக 30 நியூட்டன், சரிவு இழுப்பது 20. வித்தியாசம் 10, வரம்பு 13.86-க்குள். எதுவும் நகராது, உராய்வு 10 நியூட்டன், சரிவின் கீழ்நோக்கி. 5 கிலோகிராம் தொங்கினால் வித்தியாசம் 30. கட்டை மேலே போகும். நிகர விசை 50 − 20 − 10.39 = 19.61, மொத்த நிறை 9, முடுக்கம் 2.18 மீ/வி². கயிற்றின் இழுவிசை 39.1 நியூட்டன். 50 அல்ல, தொங்கும் எடை முடுக்கத்தோடு இறங்கும்போது இழுவிசை அதன் எடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு பொருளுக்கும் தனித்தனியாக இழுவிசை கண்டு ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள்.

குணகத்தை நாமே அளக்கலாம். பலகையை மெதுவாக உயர்த்தி, கட்டை நழுவத் தொடங்கும் நிலையில் நிறுத்தினால் அந்தச் சறுக்குக் கோணத்தின் டேன்தான் ஓய்வுநிலைக் குணகம். கோணமானியை விட அளவுகோல் நல்லது: உயரம் 20 சென்டிமீட்டர், அடி நீளம் 50 சென்டிமீட்டர் என்றால் குணகம் நேராக 0.4. அடி நீளம் என்பது தரையில் அளப்பது, பலகையின் நீளம் அல்ல. இயக்கக் குணகத்துக்கு, பலகையைச் சற்றுத் தாழ்வாக வைத்து, கட்டையை லேசாகத் தட்டிவிட்டு, அது வேகம் கூடாமல் குறையாமல் சீராகப் போகும் சாய்வைத் தேடுங்கள். கட்டையின் மேல் இன்னொரு கட்டையை வைத்தாலும் கோணம் ஏறத்தாழ மாறாது. நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. உயரமான, ஒல்லியான கட்டை மட்டும் நழுவும் முன் கவிழ்ந்துவிடும். அப்போது அளந்தது உராய்வை அல்ல, கட்டையின் வடிவத்தை.

உருளும் பொருளுக்கு வரும்போது உராய்வைப் பற்றிய பழைய கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நழுவாமல் உருளும் பந்தின் அடிப்புள்ளி தளத்தில் ஒரு கணம் நிற்கிறது; ஆகவே அங்கே இருப்பது ஓய்வுநிலை உராய்வு. மியூ என் எழுதவே கூடாது. சரிவு வழிச் சமன்பாடு ஒன்று, மையத்தைச் சுற்றிய திருப்புவிசைச் சமன்பாடு ஒன்று, உருளல் நிபந்தனை (அடிப்புள்ளி நழுவக் கூடாது என்பது) ஒன்று. மூன்றிலிருந்தும் உராய்வு விடையாக வெளியே வரும். திண்மக் கோளத்துக்கு முடுக்கம் ஜி சைன் தீட்டாவில் ஏழில் ஐந்து, திண்ம உருளைக்கு மூன்றில் இரண்டு, மெல்லிய வளையத்துக்குப் பாதி. நம் 30 டிகிரியில் 3.57, 3.33, 2.5 மீ/வி². நிறையும் ஆரமும் இதில் வரவே இல்லை. 4 கிலோகிராமுக்குத் தேவைப்படும் உராய்வு முறையே 5.71, 6.67, 10 நியூட்டன். இவற்றை 34.64-ஆல் வகுத்தால் தேவையான குறைந்தபட்சக் குணகம் 0.165, 0.192, 0.289. தளத்தின் ஓய்வுநிலைக் குணகம் 0.25 என்றால் கோளமும் உருளையும் உருளும். வளையம் நழுவிக்கொண்டே சுழலும். வளையத்துக்கு மட்டும் இப்போது இயக்க உராய்வை எழுத வேண்டும். உருளல் நிபந்தனையைக் கைவிட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்றுக்கும் உருளல் சூத்திரத்தைப் போடுவது வழக்கமான பிழை. இன்னொன்றையும் கவனியுங்கள்: நழுவாமல் உருண்டு மேலே ஏறும் பந்துக்கும் உராய்வு மேல்நோக்கித்தான். ஏற ஏறச் சுழற்சி குறைய வேண்டும். அதைக் குறைக்கும் திருப்புவிசையை மேல்நோக்கிய உராய்வுதான் தர முடியும்.

கலிலியோ 1638-ல் வெளியான நூலில் விவரித்த சோதனையும் உருளல்தான். 12 முழ நீள மரத்தில் வழுவழுப்பாகத் தாள்போல் தோல் ஒட்டிய பள்ளம், அதில் உருளும் வெண்கலக் குண்டு, நேரத்துக்குப் பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக விழும் தண்ணீரின் எடை. தூரம் நேரத்தின் இருமடியோடு போகிறது என்பதே அவர் தேடிய உறவு. குண்டு ஏழில் ஐந்து பங்கு முடுக்கத்தோடு உருண்டாலும், பள்ளத்தின் இரு விளிம்பைத் தொட்டு உருண்டு இன்னும் குறைந்தாலும், முடுக்கம் மாறிலியாக இருக்கும்வரை அந்த உறவு கெடாது. அதே அமைப்பில் ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பையே காண முயன்றால்தான் இந்தப் பங்கு வந்து இடிக்கும். ஜி சைன் தீட்டா என்று மட்டும் எழுதி ஆய்வகத்தில் ஜி கண்டுபிடிப்பவர்களுக்கு 7-க்குப் பக்கத்தில் விடை வருவது அளவீட்டுப் பிழையால் அல்ல. அந்த ஏழில் ஐந்தை விட்டுவிட்டதால்.

கடைசியாக, தளமே நகரும் கணக்கு. வழுக்கும் தரையில் 12 கிலோகிராம் ஆப்பு. அதன் 30 டிகிரிச் சரிவில் உராய்வின்றி நம் 4 கிலோகிராம் கட்டை. கட்டை இறங்கும்போது ஆப்பு பின்னால் ஓடுகிறது. இப்போது கட்டைக்குத் தளத்துக்குச் செங்குத்தான திசையிலும் தரையைப் பொறுத்து முடுக்கம் உண்டு. ஆகவே எதிர்விசை 34.64 ஆக இருக்க முடியாது. ஆப்பின் மேல் உட்கார்ந்து பார்ப்பதே எளிய வழி. ஆப்பின் முடுக்கம் ஏ என்றால், கட்டைக்கு எதிர்த்திசையில் 4ஏ என்ற போலி விசையைச் சேருங்கள். தளத்துக்குச் செங்குத்தாக: எதிர்விசை + 2ஏ = 34.64. ஆப்புக்குக் கிடைமட்டமாக: எதிர்விசையின் பாதி = 12ஏ. தீர்த்தால் ஏ 1.33 மீ/வி², எதிர்விசை 31.98 நியூட்டன். ஆப்பைப் பொறுத்துக் கட்டை சரிவில் இறங்கும் முடுக்கம் 5 + 1.15 = 6.15. சரிபார்க்கக் கிடைமட்ட உந்தம் இருக்கிறது: தரையைப் பொறுத்துக் கட்டையின் கிடைமட்ட முடுக்கம் 6.15 × 0.866 − 1.33 = 4.00; அதை 4-ஆல் பெருக்கினால் 16. ஆப்புக்கு 12 × 1.33, அதுவும் 16. இரண்டும் எதிரெதிர்த் திசையில்.